மூன்றாம் தெருவின் பிடி அரிசி

பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன். லெந்து என்கிற தவக்காலம் பிறந்துவிட்டது. நாற்பது நாளைக்கு எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி இதை முன்கூட்டியே யோசித்து, நேற்று ஒரே நாளில் நாற்பது நாளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டு முடித்துவிட்டார். இன்று காலையில், முட்டை கறியில் சேருமா என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சேராது என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

லெந்தில் ஒரு கெட்ட பழக்கத்தை விட வேண்டும், இல்லையென்றால் ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்க வேண்டும் என்று ஆராதனையில் எங்கள் சபைப் போதகர் ஐயர் சொன்னார். ஊர் வம்பு பேசுவதை விடலாம் என்று உதாரணமும் சொன்னார். அப்போது அவர் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அதை விடுவது நடக்கிற காரியம் இல்லை. அதனால் டைரி எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 25, சனி

இன்று பிடி அரிசி நாள். எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மூன்றாம் தெருவுக்குப் பிடி அரிசி பிரிப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று துணிப் பையில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை தோறும் நான் போய், பையில் இருப்பதை என் சாக்கில் தட்டிக்கொண்டு வருவேன். எல்லாத் தெரு அரிசியும் சேர்ந்து வடக்கே இருக்கும் மிஷனரிகளுக்குப் போகும். அவர்கள் அங்கே சப்பாத்திதான் சாப்பிடுகிறார்களா என்று யாரும் இதுவரை விசாரித்ததில்லை.

நான்கு வருஷமாக இதைச் செய்து என் கையே தராசாகிவிட்டது. ஒரு வீட்டுப் பையைத் தூக்கினால் போதும், அந்த வாரம் அவர்கள் எத்தனை நாள் அடுப்பு மூட்டினார்கள், எத்தனை நாள் புரோட்டா பார்சல் வாங்கினார்கள் என்று சொல்லிவிடுவேன். போன வருஷம் செல்வின் வீட்டுப் பை இரண்டு வாரம் தொடர்ந்து இளைத்தது. மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னேன். அவர்களே ஊரில் சொல்லாத விஷயம். சரியாக இருந்தது. கிறிஸ்தவள் ஜாதகம் பார்க்கக் கூடாதுதான், ஆனால் பை பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

கடைசி வீடு தங்கரத்தினம் டீச்சர் வீடு. அவர் பையை வாசல் கேட்டின் கம்பியிலேயே தொங்கவிட்டிருப்பார். நான் தட்டிக்கொண்டு, பையை மறுபடி மாட்டிவிட்டு வந்துவிடுவேன். உள்ளே போக வேண்டியதில்லை. அது எனக்கும் வசதி. இன்று அதில் இரண்டு பிடிதான் இருந்தது. பென்ஷன் வாங்குகிற ரிட்டயர்ட் டீச்சர், பிள்ளை குட்டி கிடையாது, ஒரு வாரத்துக்கு ஆண்டவருக்கு இரண்டு பிடி. கை அவ்வளவு கெட்டி.

நான் பழசை மனதில் வைத்துக்கொண்டு பேசவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில், பாடகர் குழு முழுவதற்கும் முன்னால், "கெத்சியா, நீ வாய மட்டும் அசைச்சாப் போதும், சத்தம் வேண்டாம்" என்று சொன்னவர் இந்த டீச்சர்தான்.

பிப்ரவரி 26, ஞாயிறு

ஐயரின் மனைவி ஐயரம்மா ஆராதனை முடிந்ததும் மைக்கைப் பிடித்து ஒரு அறிவிப்பு கொடுத்தார்கள். அவர்களுக்கு மைக்கே தேவையில்லை. இந்த லெந்தில் எந்தத் தெரு அதிகம் பிடி அரிசி கொண்டுவருகிறதோ, அந்தத் தெருதான் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு நடக்கும் குருத்தோலைப் பவனியில் பேனரைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகும். எல்லாம் ஆண்டவருடைய நாம மகிமைக்காக என்று சொல்லிச் சிரித்தார்கள். எப்போதும் சிரித்த முகம்.

இரண்டாம் தெருவுக்கு அரிசி பிரிக்கிற பொன்மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆண்டவருடைய நாம மகிமை அந்த நிமிஷத்தோடு முடிந்தது.

மார்ச் 1, புதன்

ஞானசிகாமணி முட்டை சாப்பிட்டார். டாக்டர் சொன்னாராம். எந்த டாக்டர் என்று சொல்லவில்லை.

மார்ச் 4, சனி

தெரு முழுவதும் உற்சாகம். பேனர் என்றதும் எல்லோருடைய கையும் பெரிதாகிவிட்டது. டீச்சர் பையில் மட்டும் ஒரே ஒரு பிடி. வாரத்தில் மற்ற ஆறு நாளும் ஆண்டவருக்கு உபவாசம் போலிருக்கிறது.

அவர் வீட்டு முருங்கை மரத்தில் காய் முற்றி, காய்ந்து, நெற்றாகத் தொங்குகிறது. ஒரு காயைப் பறிக்க யாரையும் விடாத மனுஷி. இளசாகப் பார்த்து ஐந்து பறித்துக்கொண்டேன். யாரும் சத்தம் போடவில்லை. மூன்றாம் தெரு சரித்திரத்தில் இது முதல் தடவை. சாம்பார் நன்றாக வந்தது.

சாப்பிடும்போது ஞானசிகாமணி, டீச்சர் வீட்டில் இரண்டு மூன்று நாளாகச் சாயங்காலம் விளக்கே போடவில்லை என்றார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனிதர். ரிட்டயர் ஆன பிறகும் வாக்கிங் போகும்போது யார் வீட்டில் எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்று பார்த்துக்கொண்டேதான் போவார். டீச்சர் கரண்ட் மிச்சம் பிடிக்கிறார் என்று சொன்னேன். அவர் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டார்.

மார்ச் 8, புதன்

ஐயரம்மா போன் செய்து மூன்றாம் தெரு நிலவரம் கேட்டார்கள். பொன்மலர் ஏற்கெனவே ஒரு சாக்கை நிரப்பிவிட்டாளாம். கடையில் வாங்கிப் போடுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். பிடிப்பிடியாகச் சேர்ந்த அரிசி என்றால் பொன்னி, ரேஷன், இட்லி அரிசி எல்லாம் கலந்து கிடக்கும். பார்த்தாலே எனக்குத் தெரியும். காட்டச் சொன்னால் காட்ட மாட்டாள்.

எங்கள் வீட்டுப் பையைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் தினமும் பிடி எடுத்து வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்தமாக ஒரு தம்ளர் போட்டுவிடுகிறேன்.

மார்ச் 11, சனி

டீச்சர் பையில் ஒன்றும் இல்லை. நாலாக மடித்து, கேட்டுக் கம்பியில் சொருகி வைத்திருந்தார். உதறிப் பார்த்தேன். ஒரு மணி அரிசி விழவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் வீட்டுக்கு வந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தேன். உற்சாகமாய்க் கொடுக்கிறவர்களைப் பற்றிய வசனத்தை எழுதி, அதற்குக் கீழே, "மூன்றாம் தெருவின் மானம் உங்கள் கையில்" என்றும் எழுதினேன். பெயர் போடவில்லை. திரும்பிப் போய் அந்தக் காலிப் பைக்குள் போட்டுவிட்டு வந்தேன். ஊழியம் என்றால் கொஞ்சம் கண்டிப்பும் வேண்டும்.

மார்ச் 12, ஞாயிறு

காணாமல்போன ஆட்டைப் பற்றி ஐயர் நாற்பது நிமிஷம் பிரசங்கம் செய்தார். பாதியில் நானும் காணாமல்போய்விட்டேன். ஞானசிகாமணி முழங்கையால் இடித்து மீட்டார்.

இரண்டாவது பெஞ்சில் டீச்சர் உட்காரும் இடத்தில் இப்போது வேறு குடும்பம் உட்கார்கிறது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை. முட்டுவலி என்று எல்லோரும் சொல்கிறார்கள். முதலில் சொன்னது யார் என்று யோசித்துப் பார்த்தேன். நான்தான். எனக்கு யார் சொன்னார்கள் என்று ஞாபகம் இல்லை.

மார்ச் 15, புதன்

வடகம் போட்டேன். காக்கா விரட்டினேன்.

மார்ச் 18, சனி

வெற்றி. டீச்சர் பை இன்று கழுத்து வரை நிரம்பி, வாயைச் சணல் போட்டுக் கட்டி, கம்பியில் தொங்க முடியாமல் கேட்டுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தது. இடுப்பில் வைத்துத்தான் தூக்க முடிந்தது. ஒரு சின்னச் சீட்டு என்ன வேலை செய்கிறது பாருங்கள். பொன்மலர் இனி பேனரை மறந்துவிடலாம்.

வீட்டுக்கு வந்து முறத்தில் கொட்டிப் பார்த்தால், அரிசி பூராவும் வண்டு. பானையின் அடியில் கிடந்த பழைய அரிசி, தவிடு, காய்ந்த வேப்பிலை, எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது. கூடவே ஒரு பித்தளை உழக்கு. பானையோடு கவிழ்த்துக் கொட்டியிருப்பார் போல, அளக்கிற உழக்கும் அதோடு விழுந்துவிட்டது. நான் சிரித்துவிட்டேன். வயசானால் மறதி யாரை விட்டது? உழக்கைக் கழுவி அலமாரியில் வைத்திருக்கிறேன். போகிற வழியில் கொடுத்துவிட வேண்டும்.

மார்ச் 20, திங்கள்

உழக்கைக் கொடுக்கப் போக வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 21, செவ்வாய்

மாவரைத்தேன். கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. ஞானசிகாமணி சரி செய்கிறேன் என்று உட்கார்ந்து, கிரைண்டரை நிரந்தரமாக நிறுத்திவிட்டார். போகவில்லை.

மார்ச் 22, புதன்

போகவில்லை. காரணம் ஒன்றும் இல்லை.

மார்ச் 23, வியாழன்

இன்று நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஞானசிகாமணி அலமாரியில் இருந்த உழக்கைப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உழக்கு இங்க இருந்தா டீச்சர் அங்க எத வச்சு அரிசி அளக்காவ?" என்றார்.

"அளக்கதுக்கு அரிசி எங்க இருக்கு? பானையோட நமக்குத்தான கொட்டித் தந்துட்டாவ" என்று நான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இரண்டு பிடி, ஒரு பிடி, ஒன்றும் இல்லை, பிறகு பானையோடு எல்லாம். தெருவில் பதினேழு வீட்டு அடுப்பையும் பை பார்த்துச் சொல்கிறவள் நான். செல்வின் மருமகள் கோபித்துக்கொண்டு போனதைக் கண்டுபிடித்தவள் நான். டீச்சர் வீட்டு அடுப்பு ஒரு மாதமாக அணைந்துகொண்டே வருகிறது என்பதை என் கை சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நான் அதைக் கஞ்சத்தனம் என்று எழுதி வைத்திருக்கிறேன். இதே டைரியில்.

கை கழுவாமல் ஓடினேன். நான் ஓடி இந்தத் தெரு பார்த்ததில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. முன்னறையில் மர பெஞ்சில் டீச்சர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவரா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. பாதி ஆளாகியிருந்தார். போன ஜூலையில் செத்துப்போன அவர் வீட்டுக்காரர் சாரின் சட்டை இன்னும் ஆணியில் தொங்கியது. அடக்கத்துக்கு நானும் வந்திருந்தேன். டீச்சர் கையைப் பிடித்து, எதுவானாலும் சொல்லுங்க டீச்சர், நாங்க இருக்கோம் என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு நான் அந்த வாசலுக்குள் கால் வைத்தது இன்றுதான்.

"யாரு?" என்றார்.

"கெத்சியா, டீச்சர்."

"சனிக்கிழமையா இன்னைக்கு? பை கேட்டுல இருக்கும். எடுத்துட்டுப் போ."

சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். எந்த நாளைக் கேட்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

அடுக்களைக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாப் பாத்திரமும் கழுவி, துடைத்து, வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது. ஊருக்குப் போகிறவர்கள் இப்படித்தான் வைத்துவிட்டுப் போவார்கள். டப்பாவில் ரஸ்க் தூள் கொஞ்சம் இருந்தது. அடுப்பில் சிலந்தி வலை. வெளியே வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஏன் டீச்சர் இப்படி என்று கேட்டேன். வேறு கேள்வி தோன்றவில்லை.

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு ஆளுக்கு உலை வைக்கத் தெரியல கெத்சியா. நாப்பத்தோரு வருஷம் ரெண்டு பேருக்கு வச்ச கை. கொறச்சுப் போட்டா அடி பிடிக்கி. அதுலயும் பிடி அரிசிய எடுத்து வச்சா, மிச்சம் கிடக்கது இன்னொரு பிடி. அதத் திங்க நா ஒருத்தி. அதுக்கு எதுக்கு அடுப்பு?"

பிறகு ஏன் பையைத் தொங்கவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீ வந்தா கேட்டுச் சத்தம் கேக்கும்லா. அதுலதான் சனிக்கிழமைன்னு தெரியும்."

என் புத்தி எனக்குத்தானே தெரியும், அவரையே குற்றம் சொன்னேன். "ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா டீச்சர்" என்றேன்.

"நீ குடுத்திருக்கலாம்லா" என்றார்.

ஈஸ்டருக்கு முன்னால் உயிர் தானாகப் போய்விடும் என்று நினைத்தாராம். கயிறு, மருந்து என்று எதையும் தேடவில்லை, சும்மா கிடந்தால் போதும், யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று நினைத்தாராம். கணக்குப் பாடம் சொல்வதைப் போலச் சொன்னார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஜெபம் செய்திருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஞானசிகாமணி பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவரச் சொன்னேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அடுப்பு பற்ற வைத்தது இன்றுதான். டீச்சர் நாலு ஸ்பூன் குடித்துவிட்டு உப்புக் கரிக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். அந்த முகச் சுளிப்பைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

மார்ச் 24, வெள்ளி

குளுக்கோஸ் ஏறுகிறது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார். சின்னப் பெண். உடம்பு தேறிவிடும், மனசுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும், இது ஒரு வியாதிதான், விசுவாசக் குறைச்சல் இல்லை என்று எங்களுக்கும் சேர்த்துச் சொன்னார். துக்கத்துக்கு மாத்திரையா என்று டீச்சர் கேட்டார். சுகருக்குப் போடுகிறீர்களே, அதே மாதிரிதான் என்று அந்தப் பெண் சொன்னாள். டீச்சரை மடக்கிய முதல் ஆள்.

மார்ச் 26, ஞாயிறு

விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கம் மொத்தமாக ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியது. பதின்மூன்று தூக்குச்சட்டி. எட்டில் சாம்பார், நாலில் ரசம், ஒன்றில் என்னவென்று கொண்டுவந்தவளுக்கே தெரியவில்லை. கட்டிலைச் சுற்றி நின்று ஒரே சத்தமாக ஜெபம். பக்கத்துக் கட்டிலில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பொன்மலர் பாட்டெடுத்தாள். நானும் சேரப் போனேன். டீச்சர் கண்ணைத் திறந்து என்னை மட்டும் பார்த்தார். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

நர்ஸ் வந்து எல்லோரையும் விரட்டினாள். போகும்போது ஒவ்வொருவரும், எதுவானாலும் சொல்லுங்க டீச்சர், நாங்க இருக்கோம் என்று சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்குக் காது கூசியது.

ஐயரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குருத்தோலை ஞாயிறு மத்தியானம் சங்கக் கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். பிடி அரிசி ஊழியத்தின் மூலம் ஆண்டவர் ஒரு ஆத்துமாவை எப்படிக் காப்பாற்றினார் என்று. நல்லாச் சொல்லுங்க, எல்லாருக்கும் பிரயோஜனமா இருக்கும் என்றார்கள். சரி என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனதுக்குள் சாட்சியை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். நன்றாகத்தான் வந்தது. அதில் நான் ஓடுகிற இடம் ரொம்ப உருக்கமாக இருந்தது. சீட்டு எழுதிய இடம் அதில் இல்லை.

மார்ச் 29, புதன்

டீச்சரை நேற்று எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஒரு மாதமாவது இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா உத்தரவு. அவர் வந்த ஒரே நாளில் என் ரசத்தில் புளி அதிகம், ஞானசிகாமணி பேப்பர் படிக்கும்போது உதடு அசைகிறது, ஜன்னல் திரை அழுக்கு என்று மூன்று தீர்மானங்கள் நிறைவேறிவிட்டன.

இன்று மாத்திரை கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். அந்தச் சீட்டை எழுதியது நான்தான் டீச்சர் என்றேன்.

"தெரியும். இந்தத் தெருவுல அவ்வளவு கோணலா யாரு எழுதுவா" என்றார்.

பிறகு ஏன் பானையோடு கொட்டினீர்கள் என்று கேட்டேன். கோபத்தில்தான் என்றார். உன் வாயை அடைக்க வேண்டும் என்று எழுந்தாராம். ஒரு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எழுந்து நடமாடினாராம். இது எனக்கு ஆறுதல் ஆகாது. ஆனாலும் ரகசியமாக எடுத்துக்கொண்டேன்.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு, "இப்பம் முடியாது. நாளைக்குக் கேளு" என்றார். நாளைக்கும் கேட்பேன்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

அரிசியை நேற்றே எடை போட்டார்கள். மூன்றாம் தெருதான் முதல் என்று ஐயரம்மா போன் செய்தார்கள். டீச்சர் பையைக் கழித்துவிடுங்கள் என்றேன். கழித்தால் இரண்டாம் தெரு. காலையில் பொன்மலர் பேனரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். புதுப் புடவை. நான் கடைசியில் டீச்சர் நடைக்குத் தகுந்தபடி நடந்தேன். அவர் ஓலையை ஊன்றுகோல் மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சல் வரவே இல்லை என்று எழுதினால் பொய்.

மத்தியானம் சங்கக் கூட்டம். பாயில் நாற்பது பெண்கள். டீச்சர் மட்டும் நாற்காலியில். ஐயரம்மா என்னை அழைத்ததும் எழுந்து நின்றேன். ஒத்திகை பார்த்த சாட்சி வாயில் ரெடியாக இருந்தது. டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டுகிற பார்வை கூட இல்லை. நான் என்ன சொன்னாலும் மறுக்க மாட்டார் என்று தெரிந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

"டீச்சர ஆண்டவர் காப்பாத்தினார். நா காப்பாத்தல" என்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அப்படித்தான் தொடங்க வேண்டும், அவர்களுக்கும் அது தெரியும்.

"சார் செத்து எட்டு மாசம். முப்பத்தஞ்சு சனிக்கிழமை நா அவுக கேட்டு வரைக்கும் போனேன். பையத் தூக்கிப் பாத்தேன், ஆளப் பாக்கல. முருங்கக்கா பறிச்சேன். பை காலியா இருந்த அன்னைக்கு, என்னாச்சுன்னு கேக்காம, வசனம் எழுதிப் போட்டேன். அவுகள எனக்குப் பிடிக்காது. அதான் காரணம். வேற காரணம் எதுவும் கெடையாது. இதான் என் சாட்சி."

ஒரு ஸ்தோத்திரம் கூட வரவில்லை. நாற்பது பேரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் உடனே பாட்டெடுத்துச் சமாளிக்கிற ஐயரம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். கடைசியில் டீச்சர்தான், "கூட்டம் முடிஞ்சுதா, இல்ல இன்னும் இருக்கா?" என்று கேட்டு எல்லோரையும் எழுப்பினார்.

எல்லோரும் போன பிறகு நான் பாய்களைச் சுருட்டினேன். அவமானமாக இருந்தது. இனி ஊரில் தலை நிமிர்ந்து வம்பு பேச முடியாது என்ற கவலையும் இருந்தது. ஐயரம்மா ஒரு பாயின் மறுமுனையைப் பிடித்தார்கள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"கெத்சியாக்கா, ஐயர் வீடு எந்தத் தெரு லிஸ்டுல வருது?" என்று கேட்டார்கள்.

"ஐயர் வீட்டுல பிடி அரிசி பிரிக்கதில்லல்லா ஐயரம்மா. அது எந்த லிஸ்டுலயும் கெடையாது."

"ஆமா, பை பாக்கக்கூட யாரும் வாரதில்ல" என்றார்கள். பாயைச் சுருட்டி முடித்தார்கள். முகத்தில் அதே சிரிப்பு இருந்தது, ஆனால் உதடு நடுங்கியது. மைக் தேவைப்படாத அந்தக் குரலை நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "பை எதுவும் வேண்டாம்க்கா. நாளைக்குச் சும்மா வாங்க. உள்ள வாங்க."

ஏப்ரல் 3, திங்கள்

காலை பத்து மணிக்குப் போனேன். திரும்பும்போது மணி நாலு.

ஐயர் வீட்டுக்குள்ளே நான் பார்த்ததையும், ஐயரம்மா சொன்னதையும் இந்த டைரியில் எழுதப் போவதில்லை. டீச்சர் கேட்டார், சொல்லவில்லை. ஞானசிகாமணி இரண்டு தடவை கேட்டார், அவரிடமும் சொல்லவில்லை. எனக்கு உடம்புக்குச் சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நாளைக்கும் போகிறேன்.